பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களுக்குப் பெயின்ற் அடித்தல்: செலவும் தரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 டெவன், சொமர்செற், கேம்பிரிட்ஜ் கார்களை வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ரூபாக் கணக்கு இங்கே இல்லை. பெயின்ற் விலையும் கூலியும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு காருக்கு எத்தனை லீற்றர், எத்தனை ஆள்நாள் (ஒருவரின் ஒரு நாள் வேலை) என்பது அவ்வளவாக மாறாது. கீழே உள்ள அளவுகளை அன்றைய கடை விலையால் பெருக்கிப் பாருங்கள்.

ஒரு கராசில் சொன்ன விலை மற்றக் கராசில் மூன்று மடங்காக இருக்கிறது. யார் ஏமாற்றுகிறார்?

அநேகமாக ஒருவரும் இல்லை. இருவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள்.

குறைந்த விலைக்காரர் செய்யப்போவது இது: பழைய பெயின்றின் மேல் சாண்ட் பேப்பர் போட்டு, நெளிவுகளுக்குப் பட்டி வைத்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் ரேப் ஒட்டி, ஒரு பிரைமர், மேலே நிறம். ஒருவருக்கு 6 முதல் 8 நாள் வேலை. கூடிய விலைக்காரர் மட்காட், கதவு, பொனற், டிக்கி எல்லாவற்றையும் கழற்றி, தகரம் வரை உரித்து, கறள் தின்ற இடத்தை வெட்டிப் புதுத் தகரம் ஒட்டி, எபொக்ஸி பிரைமர் என்ற வெறுந்தகர அடிப்பூச்சில் இருந்து தொடங்குவார். வெல்டிங்கைச் சேர்க்காமலே 25 முதல் 40 ஆள்நாள் போகும்.

இரண்டு காரையும் வேலை முடிந்த அன்று பக்கத்தில் நிறுத்தினால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு மாரி கழிந்தால் தெரியும். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத அடி வேலைக்குத்தான் போகிறது. மேலே அடிக்கும் நிறம் மலிவான வேலையிலும் நல்ல வேலையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே விலை கேட்கும்போது "முழுப் பெயின்ற் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "எது வரைக்கும் உரிப்பீர்கள், எதையெல்லாம் கழற்றுவீர்கள், வெல்டிங் இதற்குள் அடங்குமா" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் இரண்டு விலைகளை ஒப்பிட முடியும்.

முழுதாக அடிக்கத்தான் வேணுமா? பொலிஷ் போட்டால் காணாதா?

பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் கட்டிங் பொலிஷ் எடுத்து டிக்கி மூடியில் ஒரு கையகலம் தேயுங்கள். துணியில் நிறம் ஏறி, அடியில் மினுக்கம் வந்தால் பெயின்ற் வெயிலில் சுண்ணாம்பாகியிருக்கிறது, அவ்வளவுதான், பொலிஷ் போதும். நுண்ணிய வெடிப்பு வலைபோல் ஓடியிருந்தாலோ, கீழ் ஓரங்களில் பெயின்ற் உப்பியிருந்தாலோ பொலிஷ் காசு வீண்.

அடுத்தது காந்தம். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடி, மட்காட்டின் பின் ஓரம், சில் (கதவுக்குக் கீழ் நீளமாக ஓடும் பகுதி) முழுவதும் ஓட்டுங்கள். பிடிக்காமல் நழுவும் இடமெல்லாம் தடித்த பட்டி. பெயின்ற் தடிப்பு அளக்கும் மீற்றர் கிடைத்தால் இன்னும் நல்லது. 100 முதல் 150 மைக்கிரோன் வரை இருந்தால் அநேகமாக ஒரு தடவை அடித்த பெயின்ற். 200 முதல் 300 என்றால் ஒழுங்காக மறுபடி அடித்தது. 500க்கு மேல் என்றால் கீழே பட்டியோ பல தலைமுறைப் பெயின்றோ இருக்கிறது. அதன் மேல் இன்னொன்று அடித்தால், அடியில் உள்ளது வெடிக்கும்போது மேலே உள்ளதும் சேர்ந்து வெடிக்கும்.

தகரம் நன்றாக இருந்து, ஒரு மட்காட் மட்டும் பழுதென்றால் அதை மட்டும் செய்யுங்கள். பழைய பெயின்ற் என்ற ஒரே காரணத்துக்காக நல்ல பெயின்றை உரிக்கத் தேவையில்லை.

மொரிஸ் மைனருக்கு எவ்வளவு சாமான் போகும்?

வெளிப்புறம், கதவு இடுக்கு, பொனற்–டிக்கி உள்பக்கம் எல்லாம் சேர்த்து, தகரம் வரை உரித்த காருக்கு:

எபொக்ஸி பிரைமர், ஹார்ட்னருடன் (இறுக வைக்கும் சாமான்) கலந்து 2 லீற்றர். அதன் மேல் அடித்துத் தேய்த்துச் சமப்படுத்தும் தடிப்புப் பிரைமர் 3 லீற்றர், அதற்குரிய ஹார்ட்னர். நிறம் 2கே (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) என்றால் 3 லீற்றர், ஹார்ட்னர் 1.5 லீற்றர், தின்னர் அரை லீற்றர் அளவில். நிறம் என்சி (தின்னர் மட்டும் கலந்து அடிப்பது) என்றால் 5 லீற்றரும் கலக்க அதே அளவு தின்னரும். பெயின்ற் அடிக்கும் கன்னைக் கழுவ மலிந்த தின்னர் இன்னொரு 4 லீற்றர். பட்டி 3 முதல் 4 கிலோ. பொருத்துகளுக்கு அடைக்கும் சீலர் 3–4 ரியூப். எண்ணெய் துடைக்கும் திரவம் 2 லீற்றர். சாண்ட் பேப்பரும் ரேப்பும் சில்லறைதான் என்று விட்டால் பில்லில் ஆச்சரியம் காத்திருக்கும். அவற்றையும் முதலே எழுதிக் கேளுங்கள்.

சொமர்செற், கேம்பிரிட்ஜ் என்றால் எல்லாவற்றிலும் கால்பங்கு கூட்டுங்கள். கலவை விகிதம் கொம்பனிக்குக் கொம்பனி வேறு. 2கே நிறத்துக்கு இரண்டுக்கு ஒன்று பொதுவானது என்றாலும் ரின்னில் எழுதியிருப்பதையே பாருங்கள். நிறத்தை ஒரே தடவையில் கலந்து வாங்கி, கால் லீற்றரை ஹார்ட்னர் சேர்க்காமல் இறுக்க மூடி வையுங்கள். பின்னாளில் ஒரு கீறல் விழுந்தால் அந்த ரின்தான் கைகொடுக்கும்.

பட்டி பில் 10 கிலோ என்று வந்தால் அது பெயின்ற் பிரச்சினை இல்லை. வெட்டி ஒட்டவேண்டிய தகரத்தைப் பட்டியால் நிரப்பியிருக்கிறார்கள்.

என்சி, எனாமல், 2கே: எது நல்லது?

என்சி என்பது நைற்றோசெலுலோஸ். தின்னர் ஆவியாவதாலேயே காயும். அரை மணித்தியாலத்தில் தொட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்துக் காருக்குப் பொருந்திய மினுக்கம் அது. கண்ணாடிபோல் அல்லாமல் கொஞ்சம் ஆழமாக, மெதுவாக மின்னும். தூசு விழுந்தாலும் தேய்த்து எடுக்கலாம், ஓரிடம் கீறினால் அங்கே மட்டும் அடித்துக் கலக்கலாம். தூசு முழுதாக ஒழியாத தகரக் கொட்டில் கராசுக்கு இது பெரிய வசதி. குறைகள்: ஐந்தாறு கோட் அடிக்க வேண்டும், பிறகு தேய்த்துப் பொலிஷ் பண்ணும் கூலி தனி, பெற்றோல் சிந்தினால் கரையும், கிழமைக் கணக்கில் சுருங்குவதால் அவசரப்பட்டுப் பொலிஷ் போட்டால் சாண்ட் பேப்பர்க் கோடு பிறகு மேலே தெரியும்.

2கே ஹார்ட்னருடன் இரசாயன முறையில் இறுகும். இரண்டு மூன்று கோட் போதும், கன்னில் இருந்து வந்தபடியே மின்னும், பெற்றோலுக்கும் வெயிலுக்கும் நின்று பிடிக்கும். தினசரி ஓடும் கார், கல்யாண வாடகைக்குப் போகும் கார் என்றால் இதையே எடுங்கள். ஆனால் தூசில்லாத இடம் தேவை. இதில் விழுந்த தூசை எடுப்பது மெனக்கேடு. அடிப்பவருக்கு ஆபத்தும் உண்டு. ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு சிறிதளவே பட்டாலும் ஆஸ்துமா வரும். துணி முகமூடி ஒன்றுக்கும் உதவாது. வெளியில் இருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். வளவுக்குள், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அருகில் 2கே அடிக்க விடாதீர்கள்.

எனாமல் மலிவு. ஆனால் மெல்லக் காயும், காயும்வரை தூசையும் பூச்சியையும் பிடித்து வைத்திருக்கும். பின்னர் அதன் மேல் என்சி அடித்தால் தின்னர் பட்டுச் சுருண்டு எழும்பும். சேசிசுக்கும் சில்லு றிம்முக்கும் அடியுங்கள், கார் உடம்புக்கு வேண்டாம்.

இப்போது இருக்கும் பெயின்ற் எது என்று தெரியாவிட்டால் மறைவான இடத்தில் என்சி தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கரைந்து துணியில் ஒட்டினால் என்சி. தோல்போல் சுருங்கினால் எனாமல். அசையாமல் இருந்தால் 2கே.

கறள் எங்கே ஒளிந்திருக்கும்?

மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, உடம்பே சேசிஸ். ஆகவே கறள் அங்கே அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. கதவுக்குக் கீழ் உள்ள சில், முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் மெம்பரின் இரண்டு நுனிகள், பின் வில் தொங்கும் இடம், முன் மட்காட்டுக்கு உள்ளே சில்லுக்குப் பின்னால் சேறு தங்கும் மூலை, கதவின் அடி, டிக்கித் தளம். கம்பளத்தைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் பெயின்ற் கதையை ஒத்திவைத்து வெல்டருடன் கதையுங்கள்.

1947 முதல் 1954 வரை வந்த டெவன், சொமர்செற் கார்களுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அங்கே உடம்பு சேசிசில் உட்காரும் தாங்கிகளும் கதவுத் தூணின் அடியும் முதலில் போகும். கதவைத் திறந்து மெல்ல மேலே தூக்குங்கள். தூணோடு சேர்ந்து ஆடினால் பிணைச்சலில் அல்ல, தூணில் பழுது.

காரைநகர், ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை போன்ற கரையோரத்தில் நின்ற கார் என்றால் கூரையின் தண்ணீர் வடியும் வாய்க்காலையும் பாருங்கள். உப்புக் காற்று அங்கே படிந்து பழைய சீலருக்கு அடியில் புகும்.

பழைய பெயின்றை எப்படி உரிப்பது? மணல் அடித்தால் கெதியாக முடியுமே?

சேசிசுக்கும் சில்லு றிம்முக்கும் மணல் அடிக்கலாம். பொனற், கூரை, கதவுத் தகடு போன்ற அகன்ற மெல்லிய தகரத்துக்கு வேண்டாம். தகரம் நீண்டு அலை அலையாக வளையும், பிறகு அதை நேராக்க தகரம் தட்டி நேராக்கும் எந்த ரிங்கர் பாசாலும் இலகுவில் முடியாது. கரையில் அள்ளிய மணல் என்றால் உப்பையும் தகரத்துக்குள் அறைந்து விடுகிறீர்கள்.

அகன்ற பாகங்களுக்குப் பெயின்ற் உரிக்கும் திரவம் பூசி, கொப்பளித்த பிறகு சுரண்டுவது நல்லது. பொருத்து இடுக்குகளில் அந்தத் திரவம் தங்கினால் மாதங்கள் கழித்துப் புதுப் பெயின்றைத் தள்ளும், எனவே இடுக்குகளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, அங்கே மட்டும் 80 நம்பர் சாண்ட் பேப்பரால் எடுக்க வேண்டும். அந்தக் காலப் பெயின்றிலும் தொழிற்சாலையில் நிரப்பிய பொருத்துகளிலும் ஈயம் இருக்கலாம். உலர் தூசைப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் பறக்க விடாதீர்கள்.

உரித்த தகரத்தை இரவு சும்மா விடக்கூடாது. இங்குள்ள காற்றில் விடிவதற்குள் மெல்லிய செங்கறள் படியும். ஒரு நாளில் எவ்வளவுக்கு எபொக்ஸி அடிக்க முடியுமோ அவ்வளவுதான் அன்று உரிக்க வேண்டும்.

பட்டி எந்த அளவுக்கு வைக்கலாம்?

தேய்த்து முடிந்த பிறகு 2 மில்லிமீற்றர், மிஞ்சினால் 3. அதற்கு மேல் நெளிவு இருந்தால் ரிங்கர் வேலை முடியவில்லை. ஹார்ட்னர் நிறையில் 2 வீதம். யாழ்ப்பாண வெயிலில் கொஞ்சம் குறைக்கலாம், கூட்டினால் சிவப்பு ஹார்ட்னரின் சாயம் வெள்ளைப் பெயின்றில் மஞ்சள் கறையாக வந்து நிற்கும். பட்டி தண்ணீரை உறிஞ்சும், ஆகவே அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும்: 80, பிறகு 180, பிறகு 240. ஓட்டைக்கு மேல் பட்டி வைத்தால் அடுத்த மாரியில் பின்பக்கத்தால் ஈரம் ஏறி முழுத் துண்டாகக் கழன்று விழும்.

பெயின்ற் நல்லது, அடித்தவரும் கெட்டிக்காரர். ஆனால் மழைக்குப் பிறகு கூரையெல்லாம் குண்டூசித் தலையளவு கொப்புளம். ஏன்?

பெரும்பாலும் குற்றவாளி கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். தண்ணீரில் கல்சியம் நிறைய, தீவுகளிலும் கரையோரத்திலும் உப்பும் சேர்ந்திருக்கும். பிரைமரை அந்தத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் அப்படியே காயவிட்டால் உப்பு பிரைமரில் படிந்துவிடும். பெயின்ற் பார்வைக்கு இறுக்கமானது, ஆனால் ஈர ஆவியை மெதுவாக உள்ளே விடும். அடியில் உள்ள உப்பு அந்த ஈரத்தை இழுத்துச் சேர்க்கும், அது சிறு கொப்புளமாக எழும்பும். கூரை, பொனற், டிக்கி போன்ற படுக்கையான இடங்களில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் தண்ணீர் தேங்கிக் காய்ந்தது அங்கேதான். ஊசியால் குத்திப் பார்த்து உள்ளே ஈரம் இருந்தால் ஐயமில்லை. மருந்தும் இல்லை, பிரைமர் வரை தேய்த்துத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

உங்கள் கராசின் தண்ணீர் எப்படி என்று பார்க்க, சுத்தமான கண்ணாடியில் நாலு துளி விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் விழுந்தால் அந்தத் தண்ணீர் கார் கழுவ மட்டும்.

தவிர்க்கும் வழி மலிவானது. தடிப்புப் பிரைமரை 320 நம்பரில் தொடங்கி 500 வரை உலர்வாகத் தேய்க்கலாம். ஈரத் தேய்ப்புத்தான் பழக்கம் என்றால், சுத்திகரிப்பு நிலையத்தில் குடிக்க வாங்கும் தண்ணீரோ தாங்கியில் பிடித்த மழைத் தண்ணீரோ 20 முதல் 25 லீற்றர் ஒரு சுற்றுக்குப் போதும். தேய்த்து முடிந்ததும் அதே தண்ணீரால் அலசி, தானாகக் காய முன் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு எண்ணெய் துடைக்கும் திரவம், ஈரத் துணியால் ஒருமுறை, உடனே உலர் துணியால் ஒருமுறை. அதற்குப் பிறகு வெறுங்கை பட வேண்டாம், வியர்வையும் உப்புத்தான்.

இதே கொப்புளத்தைக் கொம்பிரசரும் தரும். ராங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வேலைக்கு முன்னும் இடையிலும் வெளியேற்றாவிட்டால் அது கன் வழியாகப் பெயின்றுக்குள் போகும்.

எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

மாசி முதல் சித்திரை நடுப்பகுதி வரை. அதாவது பெப்ரவரி நடுப்பகுதியில் இருந்து ஏப்ரல் முடியும் வரை. ஒக்ரோபரில் இருந்து தை வரை மாரி ஈரம். அந்தக் காற்றில் என்சி அடித்தால் வெளிறிப் பால் படர்ந்ததுபோல் வரும். மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்த்துச் சமாளிக்கலாம், ஆனால் காசு கொடுத்து ஏன் சமாளிக்க வேண்டும். மே தொடக்கம் சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும். வலிகாமத்துச் செம்மண் தூள் வெள்ளைக் காரில் விழுந்தால் அது தூசு அல்ல, கறை.

நல்ல மாதத்திலும் நேரம் பார்க்க வேண்டும். பனி உலர்ந்த பிறகு, காற்று எழும்ப முன்: காலை 8.30 முதல் 11 மணி வரை. பின்னேரம் பூச்சி. நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசை அமர்த்துங்கள். 30 பாகைக்கு மேல் வெப்பம் என்றால் மெதுவாக இறுகும் ஹார்ட்னரையும் தின்னரையும் கேட்டு வாங்குங்கள். கெதியாக இறுகுவது கன்னில் இருந்து தகரத்துக்குப் போகும் வழியிலேயே பாதி காய்ந்துவிடும்.

வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வரும் நல்லூர்த் திருவிழாக் காலத்துக்குள் கார் வேண்டும் என்று ஜூனில் கொண்டுபோய் விடுவது இங்கே வழக்கம். கராசில் கூட்டம் அதிகமாகவும் காற்று மோசமாகவும் இருக்கும் காலம் அது.

எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

பம்பர், விளக்குகள், கைபிடிகள், எழுத்துகள், கண்ணாடி ரப்பர். ரேப் ஒட்டி அடித்த ஓரத்தில்தான் பெயின்ற் முதலில் உரியும். பழைய ரப்பர் கழற்றும்போது உடையும், எனவே புதுச் செற் கையில் வரும்வரை கண்ணாடியைத் தொட வேண்டாம்.

மைனரின் நான்கு மட்காட்டும் நட் போட்டுப் பூட்டியவை. உடம்புக்கும் மட்காட்டுக்கும் இடையில் இடுக்கை மூடும் மெல்லிய கீற்றாக ஒரு பீடிங் ஓடும். கழற்றாமல் அடித்தால் பீடிங்கும் சேர்ந்து நிறமாகி, ஓட்டத்தில் அசைந்து வெடித்து, அந்தக் கோட்டால் தண்ணீர் இறங்கும். ஒரு கார் எப்படி அடிக்கப்பட்டது என்று அறிய முதலில் அந்தப் பீடிங்கைப் பார்த்தால் போதும்.

நிறத்தை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கதவு இடுக்கு, எஞ்சின் அறை, டிக்கி உள்பக்கம் எல்லாம் அடிக்க வேண்டும். நிறமும் கூலியும் ஏறும். பதிவுப் புத்தகத்தில் நிறம் எழுதியிருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். பழைய சிவப்பின் மேல் வெள்ளை அடிப்பதென்றால் சிவப்பு ஊறி மேலே வரலாம். இடையில் எபொக்ஸி போட்டு மூடுங்கள்.

பிறந்த நிறம் அறிய டாஷ்போட்டின் பின்புறம், பின் இருக்கைக்கு அடி, கதவு அட்டையின் உள்பக்கம் பாருங்கள். பழைய இங்கிலிஷ் வெள்ளை, அல்மண்ட் பச்சை, ஸ்மோக் கிரே போன்ற பெயர்களுக்கு கொம்பனிக் குறியீடு உண்டு; கலக்கும் கடையில் குறியீட்டைவிட ஒரு சுத்தமான துண்டைக் காட்டுவது நம்பகமானது. பத்து இலட்சமாவது மைனரைக் கொண்டாட 1961இல் சுமார் 350 கார்களைக் கத்தரிப்பூ நிறத்தில் விட்டார்கள். அந்த நிறத்தில் இங்கே காணும் மற்றவை பிறகு அடித்தவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மினுங்கும் மெற்றாலிக் நிறம் இந்தக் கார்களுக்குப் பொருந்தாது, விற்கும்போது விலையையும் இறக்கும்.

கராசுடன் எப்படிப் பேசி முடிப்பது?

மொத்தத் தொகையை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நீங்கள் நேரில் பார்க்கும் ஒரு கட்டத்தோடு கட்டுங்கள். கழற்றி உரித்து வெறுந்தகரம் நிற்கும்போது ஒன்று. வெல்டிங் முடிந்து எபொக்ஸி அடித்ததும் ஒன்று. தடிப்புப் பிரைமர் தேய்த்து முடிந்ததும் ஒன்று. அப்போது ஈரத் துணியால் பக்கத்தைத் துடைத்து, குனிந்து வெளிச்சத்தில் பாருங்கள், நெளிவு இருந்தால் கோடு வளைந்து தெரியும். பூட்டிக் கொடுத்ததும் கடைசிப் பங்கு.

வெறுந்தகரத்தைப் பார்க்கும்வரை வெல்டிங் விலையை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. முன்கூட்டியே முழுத்தொகை சொல்பவர் அந்த ஐயத்தையும் விலையில் சேர்த்திருப்பார், அல்லது பட்டியால் மூடுவார். வெல்டிங்கை நாள்கூலியில் தனியாகப் பேசுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்து வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தப் படங்களுக்கு விலை உண்டு.

முடிந்த வேலையில் எந்தக் குறையை ஏற்கலாம், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

சில தூசுத் துணிக்கை, லேசான தோடம்பழத் தோல் போன்ற மேற்பரப்பு, கீழ் ஓரத்தில் பெயின்ற் சிறிது வடிந்த தடம்: 1500, 2000 நம்பரில் தேய்த்துப் பொலிஷ் போட்டால் போகும். பெயின்ற் விலகி வட்டக் குழியாக நிற்பது அடியில் இருந்த எண்ணெய் அல்லது சிலிக்கனால் வந்தது. கறளுக்கு என்று அடியில் டீசலும் கழிவு ஒயிலும் அடித்த கார்களில் இது அடிக்கடி வரும். அந்தப் பாகத்தைத் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். நகத்தால் சுரண்டும்போது ஏடாக உரிந்தாலோ, சாண்ட் பேப்பர்க் கீறல் நிறத்தின் அடியில் தெரிந்தாலோ கடைசிப் பங்கைக் கொடுக்க வேண்டாம்.

செலவைக் குறைக்க வீட்டில் எதைச் செய்யலாம்?

கழற்றுவது, பூட்டுவது, உரிப்பது. மூன்றும் சேர்ந்து 10 ஆள்நாளுக்கு மேல் மிச்சம். ஒவ்வொரு நட்டையும் பெயர் எழுதிய பையில் போடுங்கள். ஆனால் இதைக் கராசுடன் முதலே பேசி, எந்த நாளில் உரித்த தகரம் அவர்களிடம் போய் எபொக்ஸி ஏறும் என்று தீர்மானித்த பிறகே தொடங்குங்கள். பட்டி நேராக்குவதையும் நிறம் அடிப்பதையும் பழகியவரிடம் விடுங்கள்.

அடித்த பிறகு எப்படிப் பராமரிப்பது?

முதல் கிழமை கழுவ வேண்டாம். ஒரு மாதம் வரை மெழுகு வேண்டாம்; 2கேயும் என்சியும் அதுவரை உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். தரப்பாளால் மூடி வெயிலில் விட்டால் அடியில் ஈரம் அவிந்து புள்ளி விழும், கொட்டிலுக்குள் திறந்தபடி நிறுத்துவதே மேல். வேப்பமர நிழல் குளிர்ச்சிதான், ஆனால் அங்கே தங்கும் காகத்தின் எச்சம் வெயிலில் ஒரே நாளில் பெயின்றை அரிக்கும். கண்டதும் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே வைத்து ஊறவிட்டு எடுங்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள். கதவு அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைப் பெயின்றோ சீலரோ அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தித் திறந்து, கதவுக்குக் கீழ் உள்ள சில்லின் உள்ளும் கதவின் உள்ளும் மெழுகு கலந்த கறள் தடுப்பானை அடித்து விடுங்கள். இதை மாரி தொடங்க முன், செப்ரெம்பரில் செய்வது நல்லது.